பதினோரு புத்தகங்கள் குறைகின்றன

எங்கள் பள்ளியில் நூலகப் பொறுப்பு யாருக்குப் போகும் என்பதற்கு ஒரு எழுதாத விதி உண்டு. கடைசியாக மாறுதலில் வந்து சேர்ந்தவர் தலையில் அது விழும். 2022 ஜூனில் அந்தக் கடைசி ஆள் நான். சேர்ந்த இரண்டாம் நாளே ஹெச்.எம். சார் ஒரு சாவிக்கொத்தை நீட்டினார். "நீங்க கணக்கு டீச்சர். எண்ணிக்கையெல்லாம் கரெக்டா வச்சிருப்பீங்க." புது இடத்தில் வந்தவுடன் மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

மன்னார்குடியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ள அரசுப் பள்ளி. எனக்கு முன்னால் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் தமிழ் ஐயா. ஓய்வு பெறும் வேளை. மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எண்ணி ஒப்படைத்தார். இருப்புப் பதிவேட்டில் 1,864. பீரோக்களிலும் 1,864. கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பதினாலு வருஷம்மா. ஒரு புக்கு தொலையல."

அவர் போன பிறகு சும்மா ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்தேன். தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2009. இன்னொன்றைத் திறந்தேன். சீட்டு ஒட்டியிருந்தது, முத்திரையே இல்லை. மூன்றாவதில் தாள்கள்கூடப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு இருந்தன. ஒன்றுகூடத் தொலையாமல் இருந்த ரகசியம் புரிந்துவிட்டது.

ஐயாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் அடுக்கியிருந்த சொந்தப் புத்தகங்களை எத்தனையோ பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்தவர். பாதி திரும்பி வராது, கவலைப்பட மாட்டார் என்று ஊரே சொல்லும். அதே மனிதர் பள்ளிப் புத்தகத்தைப் பூட்டி வைத்தார். தணிக்கையில் ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பது ஆசிரியர் அறைகளில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் பயம். பேயைப் பார்த்தவர் யாருமில்லை என்றாலும் புளியமரத்தடியில் யாரும் தூங்குவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய நூலகம் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் ஓடுகளைப் பிரித்துப் போட்ட பிறகு, நனைந்ததையும் நனையாததையும் அள்ளிக்கொண்டு வந்து இந்த கான்கிரீட் அறையில் வைத்திருக்கிறார்கள். ஆறு இரும்பு பீரோ, ஒரு சுவர் முழுக்கக் கடப்பைக் கல் அலமாரி, ஓடாத இரண்டு மின்விசிறி. மீதி இடத்தில் பதினோராம் வகுப்புக்குக் கொடுக்க வந்த விலையில்லா மிதிவண்டிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பிள்ளைகள் அந்த அறையை நூலகம் என்று சொல்லிக் கேட்டதில்லை. 'சைக்கிள் ரூம்' என்பார்கள்.

மிதிவண்டி வழங்கும் விழா முடிந்த மறுநாள்தான் முதல்முறையாகத் தரை தெரிந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். அறை காலியானதும் உற்சாகத்தில் பீரோக்களைத் திறந்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம், சேர்ந்து படிக்கலாம் என்று இறைவணக்கக் கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். ஒரு மாதம். அறை ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் கேரம் கிளப் ஆகிவிட்டது. கேரம் போர்டை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. விலங்குகள் பற்றிய பெரிய படப் புத்தகத்திலிருந்து புலியைக் கச்சிதமாக வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, ஒரு பெண்பிள்ளைகூட உள்ளே வரவில்லை.

பையன்களைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள் என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து, பெண்களுக்குத் தனி நாள் ஒதுக்கினேன். அப்போதும் வரவில்லை. கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நாலு பத்துக்கு பஸ்ஸு டீச்சர். அத விட்டா ஆறே கால்தான்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். நூலகத்தை மதிய உணவு இடைவேளைக்கு மாற்றினேன். அந்த வாரமே பெண்கள் வந்துவிட்டார்கள். யாரையும் கேட்காமலே ஒன்றரை மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எதையும் கேட்காமல் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். முதலில் கேட்டது, புத்தகங்களை எப்படி அடுக்கலாம் என்று.

பதிவேட்டில் புத்தகங்கள் வாங்கிய வரிசைப்படி எண் போட்டு இருந்தன. பீரோவிலும் அதே வரிசை. அதாவது 611 கோழி வளர்ப்பு, 612 திருக்குறள் உரை, 613 மின்காந்தவியல். எண்ணிப் பார்க்க வசதி, தேடிப் படிக்க வழியே இல்லை. எல்லாவற்றையும் தரையில் ஜமுக்காளம் விரித்துக் கொட்டினோம். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் கலந்து ஐந்து குழு. "ஒன்னோட ஒன்னு சேர்ற புத்தகமா பிரிச்சு வைங்க. குவியலுக்கு நீங்களே பேர் வைங்க" என்றேன்.

வந்த பெயர்கள்: பேய், விலங்கு, சிரிப்பு, பெரிய ஆளுங்க, செஞ்சு பாக்குறது, நம்ம ஊரு, பரீட்சைக்கு, யாருக்கும் புரியாதது. கடைசிக் குவியல்தான் மலை போல இருந்தது. பள்ளிக்கு வாங்குகிற புத்தகத்தைப் பள்ளிப் பிள்ளை படிக்குமா என்று பார்த்து வாங்கவில்லை என்பதற்கு அந்த மலையே போதும்.

ஒரு புத்தகத்துக்காக அரைமணி நேரம் சண்டை நடந்தது. பாம்புகள் பற்றிய மெல்லிய புத்தகம். ஒரு குழு அதை விலங்குகளோடு வைத்தது. ஒருத்தன் எடுத்துப்போய்ப் பேயோடு வைத்தான். பாம்பென்றால் அவனுக்குப் பயம். கடைசிப் பத்துப் பக்கம் கடித்தால் என்ன முதலுதவி என்று இருப்பதால் 'செஞ்சு பாக்குறது' என்றாள் இன்னொருத்தி. வயல் வரப்பில் நடக்கிற ஊரில் அது 'நம்ம ஊரு'தான் என்று நாலாவது கட்சி. நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். புத்தக முதுகில் ஒரு நிறம்தான் ஒட்ட வேண்டும் என்று யார் சொன்னது? பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று குவியலுக்கு ஒன்றாக நாலு புள்ளி ஒட்டினார்கள். புத்தகம் ஒரு இடத்தில் இருக்கும், மற்ற குவியல்களின் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கும்.

எனக்கு அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவு. சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். அவரும் கணக்கு வாத்தியார்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவரை 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக்கினார்கள். படிக்க லண்டன் போன இடத்தில், கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்து, அதே துண்டுகளை வேறு வேறு விதமாகக் கோத்து வேறு வேறு பொருள் செய்யலாம் என்பதிலிருந்து நூல்களை வகை பிரிக்கும் கோலன் பகுப்புமுறையின் பொறி அவருக்குத் தட்டியதாகச் சொல்வார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரே முகம் இல்லை, பல முகம் உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. எங்கள் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் அதை ஸ்டிக்கர் பொட்டில் செய்துவிட்டன. (பொட்டு வாங்கியது என் செலவு. ஒரு அட்டை பத்து ரூபாய்.)

நூலகங்களுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் புத்தகமாக வந்தன. முதல் விதி, நூல்கள் பயன்படுவதற்கே. பழங்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியில் கட்டி வைத்த கதையை அந்த விதிக்காகவே சொல்கிறார். நம்மிடம் சங்கிலி இல்லை, பீரோ இருக்கிறது. அதே 1931-இல்தான் எங்களுக்குப் பக்கத்திலேயே, மன்னார்குடி மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். வண்டி கட்டி ஊருக்குள் புத்தகம் வந்த மண்ணில் தொண்ணூறு வருஷம் கழித்து நாங்கள் பீரோவைத் திறக்கத் தயங்கிக்கொண்டு நின்றோம்.

அறையை மாற்றியதில் பெரிய செலவு எதுவும் இல்லை. சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியம் என்று பள்ளியின் நிலையைப் பொறுத்து ஐயாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் வரை அப்போது இருந்தது. அது புத்தகத்துக்கு, மேசைக்கு அல்ல. மேசைக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டோம். உறுப்பினர் ஒருவர் தச்சர். உடைந்த பெஞ்சுகளின் பலகையை எடுத்து இரண்டு நீள மேசை செய்து கொடுத்தார். காலைக் குட்டையாக வைக்கச் சொன்னது பிள்ளைகள். பாயில் உட்கார்ந்தபடி எழுத வேண்டுமாம். பீரோக்களின் கதவுகளைக் கழற்றச் சொன்னபோது மட்டும் அவர் ஹெச்.எம். சாரைப் பார்த்தார். ஹெச்.எம். சார் என்னைப் பார்த்தார். "கதவு ஆறும் பத்திரமா இருக்கட்டும். ஸ்டாக்ல பீரோன்னு இருக்கு, ராக்குன்னு இல்ல" என்றார். ஆறு பீரோக் கதவுகள் இன்றும் மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கின்றன.

ஜன்னல் பக்கச் சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குக் கரும்பலகை வண்ணம் அடித்தோம். என் யோசனைகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நோட்டில் எழுதினால் தப்பு தெரிந்துவிடும் என்று பயப்படுகிற பிள்ளைகூடச் சுவரில் எழுதத் தயங்குவதில்லை. கையால் துடைத்தால் போய்விடுமே. எழுபத்தைந்து சதவீதத்தைப் பின்னமாக மாற்ற ஒருத்திக்கு நான் மூன்று முறை சொல்லியும் ஏறவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் (கேரம் கோஷ்டியில் இருந்தவன்) சுவரில் ஒரு ரூபாய் நாணயம் வரைந்து, "நாலணா தெரியுமா? உங்க தாத்தாட்ட கேளு. அதுல மூணு" என்றான். தாத்தாவைக் கேட்கத் தேவைப்படவில்லை. நான் சொல்லிக் கொடுக்கும்போது இந்த நாலணா எனக்குத் தோன்றவே இல்லை.

சத்தம் பிரச்சினையானது. பக்கத்து அறையில் மதியமும் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடத்துகிற வேதியியல் டீச்சர் ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "இது லைப்ரரியா, சந்தையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தச் சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் பீரோக்களை நகர்த்தி வைத்தோம், அடுக்கிய புத்தகம் சத்தத்தைக் கொஞ்சம் தடுக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் மௌன மதியம். பாய், புத்தகம், வேறு பேச்சில்லை. வியப்பு என்னவென்றால் வெள்ளிக்கிழமைதான் கூட்டம் அதிகம். பேசாமல் சேர்ந்து உட்கார்ந்திருப்பதும் பிள்ளைகளுக்குத் தேவையாகத்தான் இருக்கிறது.

2023-இல் அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் மெல்லிசான புத்தகங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 'நுழை' கையில் கிடைத்ததும் ஒரே மதியத்தில் மூன்று முடித்துவிட்டு, முடித்தேன் என்று சொல்ல ஓடிவருவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பத்தாம் வகுப்பிலும் 'நுழை' தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அதைச் சின்னப் பிள்ளைகள் முன்னால் எடுக்க மாட்டார்கள். அப்படி இரண்டு பேரை, ஆறாம் வகுப்புக்குப் படித்துக் காட்டும் வேலைக்குப் போட்டேன். படித்துக் காட்ட வேண்டுமே என்று முதல் நாளே எடுத்துப்போய் வீட்டில் படித்துவிட்டு வந்தார்கள். யாரும் யாரையும் கண்டுபிடிக்கவில்லை.

நெல் விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

'நம்ம ஊரு' அலமாரியில் மொத்தம் ஒன்பது புத்தகம். மற்ற அலமாரிகள் வழிய, இது மட்டும் பல்லிளித்தது. எட்டாம் வகுப்புக் குழு ஒன்று, இதை நிரப்ப நாங்களே எழுதுகிறோம் என்றது. எதைப் பற்றி? பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தியதையும், அவர் 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்ததையும் ஒருத்தி எங்கோ படித்திருந்தாள். நம் ஊரில் அதில் எத்தனை விளைந்தது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார்கள். வேளாண்மைப் புத்தகம் இரண்டு இருந்தது. இரண்டிலும் உரக் கணக்குதான். ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்து வீட்டுப் பெரியவர்களைக் கேட்டார்கள். சுவரில் பட்டியல் ஏறியது: மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருடன் சம்பா, குடவாழை, காட்டுயானம். ஒரே நெல்லுக்கு இரண்டு தெருவில் இரண்டு பெயர் வந்ததும் பஞ்சாயத்து வந்தது. ஒருத்தி, "எங்க அப்பாயிய கூட்டியாறேன், அது தீத்து வைக்கும்" என்றாள்.

அப்பாயி, அதாவது அவளுடைய அப்பாவின் அம்மா, ஒரு புதன்கிழமை மதியம் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்டார். நாற்காலி போட்டோம், வேண்டாமென்று பாயிலேயே உட்கார்ந்தார். இந்த இடம் எதற்கு என்று கேட்டு, படிக்க என்று சொன்னதும், "எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா" என்றார் முதலிலேயே.

பிள்ளைகள் ஆளுக்கொரு கிண்ணத்தில் நெல் கொண்டுவந்திருந்தார்கள். பெரும்பாலும் கடையில் வாங்கியது. அப்பாயி ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்து, ஒன்றிரண்டைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக் என்று சத்தம் கேட்க வேண்டுமாம். "இது காயல. யாரு காய வச்சா?" ஒரு பையன் கை தூக்கினான். "ஏண்டா, வெயில்ல ஒரே அடியா போட்டியா? நெழல்ல ஆற வுடலையா? அரிசி நொறுங்கிப் போவும்." அடுத்த கால்மணி நேரம் பெயர் பஞ்சாயத்தை விட்டுவிட்டு நெல் காயவைப்பது பற்றி அவனுக்கு வசவும் பாடமும் சேர்ந்து நடந்தது. காட்டுயானத்துக்குள் யானை புகுந்தால் தெரியாதாமே, அவ்வளவு உயரமாமே என்று ஒருத்தி கேட்டதற்கு, "யானைய நான் எங்க பாத்தேன்? எங்க மாமியா ஒளிஞ்சு அழுவ, அத பாத்திருக்கேன்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். மாமியாரையும் சேர்த்து.

இதற்கிடையில் ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பு வந்தது. பிள்ளைகளை வைத்தே எண்ணினேன், இரண்டு முறை. 1,864-க்குப் புதிதாக வந்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் பதினோரு புத்தகங்கள் குறைந்தன. அன்று இரவு எனக்கும் அந்தப் புளியமரத்துப் பயம் வந்தது, பொய் சொல்லவில்லை.

தேடியதில் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 கண்ணில் பட்டது. விதி 215. ஓர் ஆண்டில் கொடுத்த, எடுத்துப் பார்த்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு. நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாமல் இருந்தால் போதும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் விசாரிக்க வேண்டும். எங்கள் வழங்கல் பதிவேட்டைக் கூட்டினேன்: அந்த வருஷம் 2,600 தடவை புத்தகம் கைமாறியிருந்தது. ஆயிரத்துக்கு ஐந்து என்றால் பதின்மூன்று. எங்களிடம் தொலைந்தவை பதினொன்று. கணக்கு டீச்சரிடம் சாவியைக் கொடுத்ததில் ஒரு லாபம்.

அச்செடுத்துக்கொண்டு போய் ஹெச்.எம். சார் மேசையில் வைத்தேன். படித்தார். "இது சென்ட்ரல் ரூல் டீச்சர். நம்மளுது ஸ்டேட்டு." ஆமாம் சார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஃபைலில் வைக்கச் சொன்னார். "எந்தப் புக்கு போச்சு?" பட்டியலைக் காட்டினேன். ஏழு பேய்க் கதை, இரண்டு சமையல், ஒரு சைக்கிள் ரிப்பேர், ஒரு பாம்பு. "யாரோ படிக்கிறான்" என்று மட்டும் சொன்னார். பொங்கல் விடுமுறைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணில் கிடைத்ததாக நாலு பேய்கள் திரும்பி வந்தன. பாம்பு வரவில்லை.

நெல் நோட்டு முடிந்ததும் அதையும் அலமாரியில் வைக்க வேண்டும் என்றார்கள். வைக்க வேண்டுமென்றால் பதிவேட்டில் ஏற வேண்டும். இளநிலை உதவியாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆசிரியர் என்ற கட்டத்தில் ஆறு பேர் பெயரும் இடமில்லாமல் மடங்கி மடங்கி ஏறியது. ஏழாவதாக அப்பாயி பெயரும் வர வேண்டும் என்று பேத்தி நின்றாள், ஏற்றினோம். பதிப்பகம் என்ற கட்டத்தில் கோடு. விலை என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று நிறுத்தினார். நோட்டு விலை முப்பத்தைந்து ரூபாய் என்று பின்னட்டையில் அச்சடித்திருந்தது.

"முப்பத்தஞ்சுன்னு போட்டா, தொலைஞ்சா முப்பத்தஞ்சு கட்டிட்டுப் போயிருவாங்க டீச்சர்" என்றாள் பேத்தி.

அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நோட்டு இப்போது நாலாவது ஆளிடம் போயிருக்கிறது. திங்கட்கிழமை திரும்ப வேண்டும்.